அக்குபங்சரும் தியானமும்: குளிசைக்குத் துணையா, பதிலா?

"பிரஷர் குளிசையை விட்டிட்டன். இப்ப அக்குபங்சருக்குத்தான் போறன். உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு."

கலியாண மண்டபத்திலோ, கோயில் அன்னதான வரிசையிலோ இந்தக் கதையைக் கேட்காத புலம்பெயர் தமிழர் குறைவு. பக்கத்தில் நிற்பவர் உடனே அந்த இடத்தின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்பார். இன்னொருவர், "அதெல்லாம் சும்மா, காசு பிடுங்கிற வேலை" என்பார். மூன்றாமவர், "ஒரு மண்டலம் தியானம் செய்து பாருங்கோ, சீனி வருத்தமும் போகும்" என்று அடித்துச் சொல்லுவார்.

இந்த மூன்று பேரின் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றிலும் ஆபத்தும் இருக்கிறது. அக்குபங்சர் என்ற குத்தூசி மருத்துவத்தையும் தியானத்தையும் கடந்த ஐம்பது ஆண்டுகளாக மேற்குலக ஆய்வுகூடங்களும் மருத்துவமனைகளும் சோதித்துப் பார்த்திருக்கின்றன. அந்தச் சோதனைகள் என்ன சொல்கின்றன, அதில் எங்களுக்கு எது பயன்படும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இது வைத்திய ஆலோசனை அல்ல. உங்கள் குடும்ப வைத்தியரிடம் போய்ப் பேசுவதற்கு முன்னர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விசயங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மன அழுத்தம் மனதோடு நின்றுவிடுவதில்லை. 1915இல் அமெரிக்க உடலியல் அறிஞர் வோல்டர் கனன், பயமும் கோபமும் வரும்போது உடம்பு எப்படி மாறுகிறது என்று ஒரு நூலே எழுதினார். ஆபத்து என்று மூளை முடிவு செய்த மறுகணமே அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ஈரல் சேமித்து வைத்த சீனியை இரத்தத்தில் விடுகிறது, சமிபாடு மந்தமாகிறது, தசைகள் இறுகுகின்றன. சண்டை பிடிக்க அல்லது ஓடித் தப்ப உடம்பு தயாராகும் நிலை இது.

அடுத்த முக்கிய படி கனடாவில் நடந்தது. 1936இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் செலியே, எலிகளைக் குளிருக்குள் வைத்தார், காயப்படுத்தினார், மருந்துகள் ஏற்றினார். துன்பம் வேறு வேறாக இருந்தாலும் எலிகளின் உடம்பில் வந்த மாற்றம் ஒரே மாதிரி இருந்தது. அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோயெதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. "ஸ்ட்ரெஸ்" என்ற சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் இவர்தான்.

இன்று இந்தப் பாதையை நாம் விபரமாக அறிவோம். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினலுக்கு அனுப்புகிறது. அட்ரினல் கோர்ட்டிசோலைச் சுரக்கிறது. பத்து நிமிட ஆபத்துக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. பத்து வருடம் தொடர்ந்தால்? இரத்த அழுத்தம் ஏறும். சீனியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். நித்திரை குழம்பும். கழுத்தும் நாரியும் இறுகி நிரந்தர நோவாகும். வயிறு காரணமில்லாமல் கலங்கும்.

மன அழுத்தம் மட்டுமே இந்த வருத்தங்களைக் கொண்டுவருகிறது என்று சொல்ல முடியாது. பரம்பரை, சாப்பாடு, நடை குறைந்த வாழ்க்கை எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன. தெற்காசியர்களுக்கு இதய நோயும் சீனி வருத்தமும் மற்றச் சமூகங்களை விட இளவயதிலேயே வருகின்றன என்பதும் தெரிந்ததே. ஏற்கனவே எரிகிற அடுப்பில் மன அழுத்தம் விறகு வைக்கிறது.

எங்கட சனத்தின் சுமை

விறகுக்கு எங்களிடம் குறைவில்லை. பகலில் ஒரு வேலை, இரவில் இன்னொரு வேலை. வீட்டுக் கடன், ஊருக்கு அனுப்பும் காசு, சீட்டுக்காசு, பிள்ளைகளின் படிப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், பேசப்படாமல் கிடக்கும் போர். 2009இன் அந்த மாதங்களில் விடிய விடியத் தொலைபேசியும் கையுமாக இருந்தவர்கள் நாங்கள். காணாமல் போனவரின் படத்துக்கு மாலை போடுவதா விடுவதா என்று இன்றுவரை முடிவெடுக்க முடியாத வீடுகள் எத்தனை?

ரொறன்ரோத் தமிழர்களிடையே நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு 2003இல் வெளிவந்தது. பங்குபற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் போர், தாக்குதல் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டவர்கள் அல்லது பட்டவர்கள். 12 சதவீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. இது முள்ளிவாய்க்காலுக்கு முந்திய கணக்கு.

இவர்கள் வைத்தியரிடம் போய் "எனக்கு மனவடு இருக்கு" என்று சொல்வதில்லை. "நாரி பிடிச்சுக் கிடக்கு", "நெஞ்சு பாரமா இருக்கு", "தலை ஒரு பக்கம் இடிக்குது", "நித்திரை வருகுதில்லை", "உடம்பு முழுக்க உளைவு" என்றுதான் சொல்லுவார்கள். வைத்தியர் இரத்தம் எடுப்பார், ஸ்கான் எடுப்பார். "எல்லாம் நோர்மல்" என்பார். ஏழு நிமிடத்தில் சந்திப்பு முடிந்துவிடும். நோ மட்டும் முடியாது. அந்த ஏமாற்றத்தோடுதான் பலர் அக்குபங்சர் கதவைத் தட்டுகிறார்கள், தியான வகுப்பில் போய் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. அங்கே என்ன கிடைக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஊசி என்ன செய்கிறது?

சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் அக்குபங்சர், மேற்குலகின் வரவேற்பறைக்கு வந்தது 1971இல். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன் பீஜிங் போயிருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. சத்திரசிகிச்சை வழமையான விறைப்பு மருந்து கொடுத்தே செய்யப்பட்டது. அதன் பிறகு வந்த வயிற்று உபாதைக்குத்தான் ஊசி குத்தினார்கள். அவர் எழுதிய கட்டுரையும், மறுவருடம் ஜனாதிபதி நிக்சன் சீனா சென்றதும் அமெரிக்காவில் பெரிய ஆர்வத்தைக் கிளப்பின. ஊசியை மட்டும் குத்தி வயிற்றை வெட்டினார்கள் என்று பிறகு பரவியது, கதை கை மாறியதால் வந்த மிகைப்படுத்தல்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கொழும்பு களுபோவில வைத்தியசாலையில் டொக்டர் அன்டன் ஜயசூரிய நடத்திய அக்குபங்சர் சிகிச்சையைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பாரம்பரிய விளக்கம் இதுதான்: உடம்பில் "சீ" என்ற உயிர்ச்சக்தி பாதைகள் வழியாக ஓடுகிறது, அடைப்பு வந்தால் நோய் வரும், ஊசி அடைப்பை நீக்கும். இந்தப் பாதைகளை உடற்கூற்றில் யாரும் கண்டதில்லை. ஆனால் ஊசி குத்தும்போது உடம்பில் ஏதோ நடக்கிறது என்பதை ஆய்வுகூடங்கள் கண்டிருக்கின்றன.

1976இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் புரூஸ் பொமரன்ஸ் எலிகளில் ஒரு சோதனை செய்தார். ஊசி குத்தினால் எலிகளுக்கு நோ குறைந்தது. நலொக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது அந்தப் பலன் மறைந்தது. நலொக்சோன், மோர்பினைப் போன்ற பொருட்கள் வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும் மருந்து. ஆக, ஊசியால் உடம்பு தானே தயாரிக்கும் வலிநீக்கியான எண்டோர்பின் வெளிவருகிறது என்று அவர் காட்டினார். 2010இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஊசி குத்திய இடத்தைச் சுற்றி அடினோசின் என்ற நோ தணிக்கும் பொருள் கூடுவதை எலிகளில் கண்டார்கள்.

மன அழுத்தத்தோடு நேரடியாகத் தொடர்புபட்ட ஆய்வு 2021இல் வந்தது. ஹாவாட் மருத்துவப் பள்ளியில் கியுபு மா தலைமையிலான குழு, எலியின் பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரு புள்ளியில் மெல்லிய மின்னோட்டத்தோடு ஊசி குத்தியது. அந்த இடத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பு, மூளை வழியாக வேகஸ் நரம்பைத் தூண்டி, அட்ரினலை எட்டி, அழற்சியைக் குறைத்தது. வயிற்றில் குத்தியபோது அந்தப் பாதை வேலை செய்யவில்லை. வேகஸ் என்பது உடம்பை ஓய்வுக்குக் கொண்டுவரும் முக்கிய நரம்பு. குத்தும் இடமும் முக்கியம் என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் எலியில் நடந்தது அப்படியே மனிதரில் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

போலி ஊசி சொன்ன பாடம்

மனிதரில் என்ன நடந்தது? ஜேர்மனியில் 1,162 நாரி நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குச் சீன முறைப்படி ஊசி. இன்னொரு பகுதியினருக்குப் போலி ஊசி, அதாவது புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்துவது. மூன்றாவது பகுதியினருக்கு வழமையான மருந்தும் பிசியோதெரபியும். ஆறு மாதத்தின் பின் தேறியவர்கள்: முறையான ஊசியில் 47.6 சதவீதம், போலி ஊசியில் 44.2 சதவீதம், வழமையான சிகிச்சையில் 27.4 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் ஆறுதலாகப் பாருங்கள். ஊசி குத்தியவர்கள், வழமையான சிகிச்சை பெற்றவர்களை விட நன்றாகத் தேறினார்கள். ஆனால் சரியான இடத்தில் குத்தியதற்கும் பிழையான இடத்தில் குத்தியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னர் 39 ஆய்வுகளில் இருந்து 20,827 நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட பகுப்பாய்வில், நாள்பட்ட நோவுக்கு உண்மையான ஊசி போலி ஊசியை விடக் கொஞ்சம் கூடுதலாகப் பலன் தருகிறது என்று தெரிந்தது. அந்தப் பலனின் பெரும்பகுதி ஒரு வருடத்தின் பிறகும் நிலைத்தது.

அப்படியென்றால் போலி ஊசியும் ஏன் வேலை செய்கிறது? 2008இல் ஹாவாட்டைச் சேர்ந்த ரெட் கப்ச்சுக் இதைச் சோதித்தார். மன அழுத்தம் கூடினால் வயிறு வலித்துக் கலங்கும் எரிச்சல் குடல் நோய் உள்ள 262 பேர். ஒரு பகுதியினர் காத்திருப்புப் பட்டியலில் மட்டும். இரண்டாம் பகுதியினருக்குப் போலி ஊசி, கதை பேச்சுக் குறைவு. மூன்றாம் பகுதியினருக்கும் அதே போலி ஊசி; ஆனால் முதல் சந்திப்பில் 45 நிமிடம் இருந்து, அன்பாகக் கதைத்து, அவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். மூன்று வாரத்தில் போதிய சுகம் கண்டவர்கள்: 28 சதவீதம், 44 சதவீதம், 62 சதவீதம்.

ஒருவருடைய துன்பத்தை இன்னொருவர் அவசரமில்லாமல் இருந்து கேட்பதே பாதி மருந்து. ஊரில் பரியாரியார் நாடி பிடித்துக்கொண்டு, "தம்பி, வீட்டில என்ன பிரச்சினை?" என்று கேட்டதிலும் இதே பலன் இருந்திருக்கும். "அந்த இடத்துக்குப் போய் வந்தால் மனசுக்கு நிம்மதி" என்று எங்கள் அம்மாக்கள் சொல்வதைச் சிரித்துத் தள்ள வேண்டாம். அது மூளையில் நடக்கும் உண்மையான மாற்றம்.

ஆனால் இரத்த அழுத்தத்துக்கு? இங்கேதான் கவனம் வேண்டும். ஜேர்மனியில் 160 பேரில் நடந்து 2007இல் வந்த ஆய்வில், ஆறு வாரத்தில் 22 தடவை ஊசி குத்தியபோது மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளியளவு குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் ஊசியை நிறுத்தி மூன்று மாதத்தில் அளந்தபோது அழுத்தம் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. 2006இல் அமெரிக்காவில் 192 பேரில் செய்த இன்னொரு ஆய்வில் உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் வித்தியாசமே இல்லை. நாரி நோ, தலையிடி, மூட்டு நோ ஆகியவற்றுக்கு அக்குபங்சரை முயன்று பார்க்கலாம். பிரஷர் குளிசைக்குப் பதிலாக அதை எடுக்கலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

தியானம்: எட்டு வாரக் கணக்கு

தியானத்தின் கதை வேறு. ஹாவாட் இதய மருத்துவர் ஹேர்பேர்ட் பென்சன், தியானம் செய்பவர்களின் உடம்பை அளந்து பார்த்தார். மூச்சும் இதயத் துடிப்பும் மெதுவாகி, உடம்பு பாவிக்கும் ஒட்சிசன் குறைந்தது. கனன் சொன்ன சண்டை நிலைக்கு நேர் எதிரான ஓய்வு நிலை இது என்று 1975இல் தன் நூலில் எழுதினார். 1979இல் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜோன் கபட்-சின் எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பௌத்த தியானத்தை அடிப்படையாகக் கொண்டாலும் சமயச் சடங்குகள் இல்லாதது அது. மூச்சைக் கவனிப்பது, உடம்பின் ஒவ்வொரு பகுதியையும் கவனிப்பது, மெல்லிய யோகாசனம். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் நடக்கும் விழிப்புணர்வுத் தியான வகுப்புகளின் தாய் இதுவே.

பலன் எவ்வளவு? ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 47 ஆய்வுகளை, 3,515 பேரின் தரவுகளை, ஒன்றாக அலசி 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பதகளிப்பு, மனச்சோர்வு, நோ ஆகியவற்றுக்குத் தியானம் மிதமான பலன் தருகிறது என்றார்கள். மருந்தை விடவோ, உடற்பயிற்சியை விடவோ மேலானது என்று காட்ட முடியவில்லை என்றும் அதே அறிக்கையில் எழுதினார்கள். 2022இல் பதகளிப்பு நோய் உள்ள 276 பேரில் செய்த சோதனையில், எட்டு வார விழிப்புணர்வுப் பயிற்சி, அந்த நோய்க்கு வழமையாகக் கொடுக்கும் எஸ்சிற்றலோப்ராம் குளிசைக்குச் சமமான பலனைத் தந்தது. பக்க விளைவுகளும் வெகு குறைவு.

ஒரு சின்ன விபரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 276 பேரில் தியானக் குழுவினர் வாரம் ஒருமுறை இரண்டரை மணித்தியால வகுப்புக்குப் போனார்கள். வீட்டிலும் நாளாந்தம் 45 நிமிடம் பயிற்சி செய்தார்கள். கைத்தொலைபேசியில் செயலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஐந்து நிமிடம் கண் மூடுவதற்கு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, மறுபடி விழாமல் இருக்க விழிப்புணர்வுத் தியானத்தையும் உளச்சிகிச்சையையும் சேர்த்த முறை ஒன்று உண்டு. அதை உருவாக்கிய மூவரில் ஒருவரான சிண்டெல் சீகல் ரொறன்ரோவைச் சேர்ந்தவர். பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பு இதைப் பரிந்துரைக்கிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் தன் அறிக்கையில், வழமையான சிகிச்சையோடு சேர்த்துத் தியானத்தையும் பரிசீலிக்கலாம் என்றது. "சேர்த்து" என்ற சொல்லை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

தேவாரமும் செபமாலையும்

"எங்களுக்கு இது புதுசே? எங்கட முன்னோர் அப்பவே சொன்னதுதானே" என்று பலர் கேட்பார்கள். அதற்கும் ஒரு ஆய்வு பதில் சொல்கிறது. 2001இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி 23 பேரைச் செபமாலையையும் யோக மந்திரத்தையும் சொல்லவைத்து, மூச்சையும் இதயத்தையும் அளந்தார். இரண்டு சமயத்தின் பிரார்த்தனையும் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 தடவைக்குக் கொண்டுவந்தது. அந்த வேகத்தில் மூச்சும் இதயமும் இரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று இசைந்தன. இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் உடம்பின் அனிச்சைச் செயலும் கூர்மையானது.

இதை எங்கள் மண்ணில் செயலுக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனவடு பட்டவர்களுக்கு மூச்சுப் பயிற்சியும் தசைத் தளர்வும் கற்பிக்கும்போது, அவரவர் சமயத்தில் பழகிய வடிவத்தையே பயன்படுத்தச் சொன்னார். சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி. அப்பம்மா விளக்குக்கு முன்னால் இருந்து ஆறுதலாகத் தேவாரம் படித்ததும் ஒரு மருந்துதான். அவசர அவசரமாகப் படித்து முடிப்பதில் அந்தப் பலன் இல்லை.

வீட்டில் செய்து பார்க்க எளிய முறை: நாற்காலியில் முதுகு நிமிர்த்தி இருங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை உள்ளே எடுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. பத்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

எங்கே கவனம் தேவை?

முதலாவது, தியானம் எல்லோருக்கும் எப்போதும் இதமானது அல்ல. 2020இல் வெளிவந்த ஒரு மீளாய்வின்படி, தியானம் செய்பவர்களில் சுமார் 8 சதவீதத்தினர் பதகளிப்பு, மனச்சோர்வு போன்ற பாதகமான விளைவுகளைச் சந்தித்திருக்கிறார்கள். சித்திரவதை, ஷெல்லடி, பங்கர் வாழ்க்கை ஆகியவற்றைக் கண்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இருட்டறையில் கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது பழைய காட்சிகள் நேரில் நடப்பது போலத் திரும்பி வரலாம். அப்படி வந்தால் "இன்னும் ஆழமாகப் போங்கள்" என்று சொல்லும் குருவிடம் இருந்து எழும்பி வந்துவிடுங்கள். கண்ணைத் திறந்து வைத்து, பாதம் நிலத்தில் படுவதை உணர்ந்து, குறைந்த நேரம் செய்வது பாதுகாப்பானது. மனவடுச் சிகிச்சை தெரிந்த ஒருவரின் துணையோடு செய்வது அதைவிட நல்லது.

இரண்டாவது, ஊசி. ஜேர்மனியில் 2,29,230 பேரை வைத்து 2009இல் வெளியிட்ட கணக்கின்படி 8.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு பக்க விளைவு வந்தது. பெரும்பாலும் சிறிய இரத்தக் கசிவு, கண்டல், நோ. ஆனால் இருவருக்கு நுரையீரலில் துளை விழுந்து காற்று வெளியேறியது. அவர்களுக்குக் குத்தியவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவர்கள். பயிற்சி இல்லாதவர் நெஞ்சிலும் தோளிலும் குத்தினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து: குளிசையை நிறுத்துவது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாது. உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும்போதே அழுத்தம் 180இல் நிற்கலாம். சில பிரஷர் குளிசைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பை விட மேலே பாயும். மனச்சோர்வுக் குளிசைகளும் அப்படியே. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தியானத்தாலும் நடையாலும் உங்கள் அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருந்தால், வீட்டில் அளந்த கணக்கைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பது அவருடைய வேலை.

நெஞ்சு நோ, ஒரு பக்கம் கைகால் விறைப்பு, பேச்சுக் குழறல், திடீர் மூச்சடைப்பு ஆகியவற்றுக்கு ஊசியும் இல்லை, தியானமும் இல்லை. அவசர இலக்கத்தை அழுத்துங்கள்.

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. ஜேர்மனியில் 2007 முதல் நாள்பட்ட நாரி நோவுக்கும் முழங்கால் தேய்மான நோவுக்கும் அரச மருத்துவக் காப்புறுதி அக்குபங்சருக்குப் பணம் கொடுக்கிறது. சுவிசில் உரிய தகுதி உள்ள மருத்துவர் செய்தால் அடிப்படைக் காப்புறுதி கொடுக்கிறது. அமெரிக்காவில் மெடிக்கெயர் 2020 முதல் நாள்பட்ட நாரி நோவுக்கு மட்டும், முதலில் 12 தடவைகள் வரை. பிரித்தானிய வழிகாட்டிகள் தங்களுக்குள்ளேயே மாறுபடுகின்றன: நாரி நோவுக்கு வேண்டாம் என்று 2016இல் சொன்ன அதே அமைப்பு, வேறு காரணம் கண்டுபிடிக்க முடியாத நாள்பட்ட நோவுக்குப் பரிசீலிக்கலாம் என்று 2021இல் சொன்னது. ஒன்ராறியோவில் அரச காப்புறுதி கொடுப்பதில்லை. வேலைத்தலக் காப்புறுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அக்குபங்சர் செய்பவர்களுக்குப் பதிவு முறை உண்டு. அவுஸ்திரேலியாவிலும் 2012 முதல் தேசியப் பதிவு உண்டு. குத்துபவரின் பெயர் பதிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஊசி ஒரு தடவை மட்டும் பாவிப்பதா, உங்கள் கண்முன்னால் உறை பிரிக்கப்படுகிறதா என்று கவனியுங்கள். இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எத்தனை தடவை வேண்டும், எத்தனையாவது தடவையில் பலன் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். ஆறு எட்டுத் தடவையில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் காசை வீணாக்க வேண்டாம். முப்பது தடவைக்கு முற்பணம் கேட்பவரிடமும், புற்றுநோய் முதல் பிள்ளைப்பேறு வரை எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் தருபவரிடமும், "இங்கிலீசு மருந்தை முதலில் நிறுத்துங்கோ" என்பவரிடமும் போக வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

இங்கே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் வைத்தியச் சந்திப்புக்கு எட்டு வயதிலேயே மொழிபெயர்ப்பாளராகப் போனவர்கள் நீங்கள். "அம்மாவுக்கு முதுகு நோகுதாம்" என்று மொழிபெயர்த்துவிட்டு நின்றிருப்பீர்கள். அந்த நோ எந்த வருடம் தொடங்கியது, அந்த வருடத்தில் என்ன நடந்தது என்பதை அம்மாவும் சொல்லியிருக்க மாட்டா, உங்களுக்கும் கேட்கத் தெரிந்திருக்காது. அந்தப் பாரத்தில் ஒரு பங்கு உங்கள் தோளிலும் இறங்கியிருக்கும். அதனால் வரும் தலையிடியும் நித்திரைக் குழப்பமும் உங்களுடையவை. அதற்கும் உதவி தேடலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த தடவை வைத்தியரிடம் போகும்போது இரண்டு விசயத்தைச் செய்து பாருங்கள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பல நாடுகளில் இந்த வசதி உண்டு. பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாததை அம்மா அந்நியருக்கு முன்னால் சொல்லக்கூடும். இரண்டாவது, ஒரு சின்னக் கடதாசியில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: போரில் இருந்து வந்தவர், நித்திரை இப்படி, இன்ன இன்ன குளிசையும் அக்குபங்சரும் எடுக்கிறார். "நோர்மல்" என்று வந்த இரத்தப் பரிசோதனையை வைத்தியர் அதன்பிறகு வேறு கண்ணோடு பார்ப்பார்.

அக்குபங்சருக்குப் போவதும் தியானம் செய்வதும் உங்கள் உரிமை. பலருக்கு அதனால் நோ குறைந்திருக்கிறது, நித்திரை வந்திருக்கிறது. போங்கள், செய்யுங்கள். குடும்ப வைத்தியருக்குத் தெரியாமல் மட்டும் போக வேண்டாம். காலைக் குளிசையைப் போட்டுவிட்டுத் தியானத்தில் இருங்கள்.